ஓசித்தின் மூத்த மகள்

பாயூ மாலே, லூசியானா
15 செப்டம்பர் 1968

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள எவாரிஸ்த் அண்ணனுக்கு ஸெலி எழுதுவது.

இங்கே மூன்று பேரும் சுகம் என்று எழுதத்தான் உட்கார்ந்தேன். இரண்டு பேர் சுகம். அங்கே உன் உடம்பும் லுதிவீன் அண்ணியின் முழங்காலும் எப்படி இருக்கின்றன?

கொரின் விஷயமாகத்தான் இந்தக் கடிதம். அவளுக்குக் காது கேட்காதது உனக்குத் தெரிந்ததுதான். தொட்டிலில் கிடந்தபோது வந்த காய்ச்சலின் வேலை என்று நம்பி, பதினோரு வருஷத்தில் அதற்குப் பழகியும் விட்டோம். இப்போது கண். பகலில் அவளே ஊசியில் நூல் கோக்கிறாள். விளக்கு வைத்தபிறகு நாற்காலியில் மோதுகிறாள், நிலைப்படியில் இடித்துக்கொள்கிறாள். கவனமில்லை என்று முதலில் நான் அதட்டினேன். ஒரு நாள் என் முகத்தைப் பிடித்து நிறுத்தி, இரண்டு விரலை வளையமாக்கித் தன் கண்ணில் வைத்துக் காட்டினாள். அந்த வளையத்துக்குள்தான் அவளுக்கு நான் தெரிகிறேன்.

நகரத்து டாக்டரிடம் போனோம். கண்ணை வெகுநேரம் பார்த்துவிட்டு, "ரெண்டுல ஒண்ணுதாம்மா. காய்ச்சலோட மிச்சம்னா ஊசி போட்டுப் பாக்கலாம், இருக்கற பார்வையாவது நிக்கும். ரத்தத்துல வந்ததுன்னா என் கையில ஒண்ணும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் சொந்தமா?" என்றார்.

கிளெபேர் சிரித்துவிட்டார். "டாக்டர், இவ ஊருல மீன் உறையுது, என் ஊருல மீன் வேகுது. எங்க இருந்து சொந்தம்?"

டாக்டர் சிரிக்கவில்லை. "உங்க ஜனங்கள நாடு கடத்தறதுக்கு முன்னாடி எல்லாரும் ஒரே கரையில இருந்தவங்கதானே" என்றார்.

என் கல்யாணம் உனக்கு நினைவிருக்கும். ஆங்கிலேயர் நம் ஜனங்களை ஊரைவிட்டுக் கப்பலேற்றிய இருநூறாம் ஆண்டு விழாவுக்கு அங்கே வந்தவர்தான் கிளெபேர். உறவு ஏதும் உண்டா என்று பங்குச்சாமியார் கேட்டபோது, அப்பா எழுந்து நம் வழக்கப்படி தகப்பன் வரிசையைச் சொன்னார். தியோஃபில், மார்க் மகன். மார்க், இலேர் மகன். எதிரில் கிளெபேரின் சித்தப்பா தெலெஸ் நின்று தங்கள் வரிசையைச் சொன்னார். ஒரு தகப்பனுக்கு ஒரு மடக்கு ரம். பாட்டில் காலியானது, வரிசைகள் சேரவில்லை. எல்லோரும் கைதட்டினார்கள்.

டாக்டருக்கு அது போதாதாம், தாய்வழியும் வேண்டுமாம். அது தெரியும்வரை இன்னொரு குழந்தை வேண்டாம் என்றும் சொல்லி அனுப்பினார். அண்ணா, பழைய பதிவேடுகளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு நீ வீட்டை மறப்பதை நாங்கள் எத்தனை கேலி செய்திருக்கிறோம். இப்போது எனக்காக ஒருமுறை புதைந்து பார். எங்கள் வரிசைகள் எங்கும் சேரவில்லை என்று கண்டுபிடித்து எழுது.

அண்ணிக்கு என் முத்தங்கள்.

உன் தங்கை,
ஸெலி

*

சேன்ட் மேரி விரிகுடா, நோவா ஸ்கோஷியா
1 அக்டோபர் 1968

அன்புத் தங்கை ஸெலிக்கு,

கர்த்தர் உங்கள் மூவரையும் காப்பாராக. நான் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறேன். அண்ணியின் முழங்கால் வானொலியைவிட நன்றாக மழையைச் சொல்கிறது. உன் கடிதத்தை அவளுக்குப் படித்துக் காட்டினேன். கேட்டுக்கொண்டே அடுப்பில் ராப்யூரைக் கருகவிட்டாள். உருளைக்கிழங்கைத் துருவி, துணியில் பிழிந்து, கோழிச்சாறு ஊற்றி, அரைநாள் பாடு அது. கருகியதோடு சேர்த்துத் தின்றேன். அவள் அழுதுகொண்டிருந்தாள், வேறென்ன செய்ய.

நீ பயப்படாதே. இந்த விரிகுடாவில் எவனை எழுப்பிக் கேட்டாலும் ஏழெட்டுத் தகப்பன் பெயரைத் தூக்கத்திலேயே சொல்வான். அம்மாவின் அம்மாவுக்கு அம்மா யார் என்று கேட்டால் தொப்பிக்குள் கைவிட்டுச் சொறிவான். அதனால் இது குளிர்கால வேலை. நம் அம்மா வழியை நான் கோயில் பதிவேடுகளில் இங்கிருந்து மேலே ஏற்றுகிறேன். மாப்பிள்ளையின் அம்மா வழியை நீ அங்கே கேட்டு எழுது. இரண்டையும் கல்லூரி நூலகத்தில் இருக்கும் கப்பல் பட்டியல்களோடு ஒட்டிப் பார்க்கிறேன்.

தபாலாபீஸ் வேலை மத்தியானத்தோடு முடிந்துவிடுகிறது. பங்குச்சாமியார் பதிவேட்டு அலமாரியின் சாவியையே என்னிடம் கொடுத்துவிட்டார். "நீ சாகறப்போ திருப்பிக் கொடு, போதும்" என்றார்.

சேராது, ஸெலி. எழுதி வைத்துக்கொள். கொரினுக்கு என் மீசை குத்துகிற மாதிரி ஒரு முத்தம் கொடு.

உன் அண்ணன்,
எவாரிஸ்த்

*

பாயூ மாலே
17 நவம்பர் 1968

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணனுக்கு,

அறுவடை முடிந்து, நெல் போய், இப்போதுதான் வீட்டில் உட்கார முடிகிறது. கிளெபேருக்கு இருமல் நின்றது. உங்கள் இருவரின் சுகத்துக்கும் தினமும் ஜெபமாலையில் ஒரு பத்துமணி சொல்கிறேன்.

கிளெபேரின் பெரியம்மாக்களை வரிசையாக உட்கார வைத்துக் கேட்டேன். ஒருத்தி சொன்னதை இன்னொருத்தி மறுத்து, மூன்றாமவள் இருவரையும் திட்டி, கடைசியில் எல்லோரும் ஒரு பெயரில் வந்து நின்றார்கள். ஓசித் மெலான்சோன். மேரிலாந்திலிருந்து கப்பலில் இங்கே வந்த விதவை. மறுமணம் செய்து, சதுப்புக்கரையில் குடிசை போட்டு, இந்தக் குடும்பத்தையே பெற்றுப் போட்டவள் என்று பெருமை அவர்களுக்கு. அதற்கு முந்தி அவளுக்கு என்ன நடந்தது என்று ஒருவருக்கும் தெரியவில்லை.

போன சனிக்கிழமை எங்கள் வீட்டில் நடனம். கொரின் வெறுங்காலோடுதான் ஆடுவாள், பலகைத் தரை வழியாக அவளுக்குத் தாளம் வரும். எல்லோரையும்விட நன்றாக ஆடினாள். யாரோ விளக்கை எடுத்து வராந்தாவில் வைத்துவிட்டார்கள். ஆடியபடியே போய் அடுப்பில் கையை ஊன்றிவிட்டாள். பிடில்காரர் நிறுத்திவிட்டார். அது ஏன் என்று அவளுக்குத் தெரியவில்லை, காலில் தாளம் நின்றுபோனதால் எல்லோரும் தன்மேல் கோபமாக இருப்பதாக நினைத்து, கொப்புளத்தோடு சைகையில் மன்னிப்புக் கேட்டாள்.

டாக்டர் ஊசியைத் தொடங்காமல் காத்திருக்கிறார். "ரத்தத்துல உள்ளதுன்னா புள்ளைய வீணா குத்தறதுல எனக்கு இஷ்டமில்ல" என்கிறார். சேரவில்லை என்று நீ எழுதும் ஒரு வரிக்காகத்தான் காத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஸெலி

*

சேன்ட் மேரி விரிகுடா
12 ஜனவரி 1969

அன்புத் தங்கைக்கு,

புது வருஷ ஆசீர்வாதம். பனி ஜன்னல் வரைக்கும் நிற்கிறது. நாங்கள் சுகம். கொரினின் கை ஆறியதா? அண்ணி அவளுக்குக் கையுறை பின்னுகிறாள். "அங்க வெயில்ல கையுறை எதுக்குடி?" என்றதற்கு, "உங்க பதிவேடு எதுக்கு?" என்கிறாள்.

ஓசித்தைப் பிடித்துவிட்டேன். கப்பலேற்றுமுன் இங்கே கிராண்ட்-ப்ரேயில் அணைக்கட்டு ஓரம் வீடு, புருஷன், நான்கு பிள்ளைகள். சிப்பாய்கள் கரையில் ஆட்களைப் பிரித்தபோது புருஷன் ஒரு படகில், இவள் ஒரு படகில். மூத்த மகள் மொதெஸ்த் அத்தையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றதால் அத்தையோடு வேறு கப்பலுக்குப் போய்விட்டாள். ஓசித்தை இறக்கியது மேரிலாந்தில். அங்கே யாரும் வீட்டுக்குள் விடவில்லை. வைக்கோல் கொட்டகையில் ஒரு குளிர்காலம். புருஷன் எந்தப் பட்டியலிலும் இல்லை.

நான் பார்த்ததை உனக்குச் சொல்ல வேண்டும். எட்டு வருஷம் கழித்து மேரிலாந்தில் ஆங்கிலேயக் குமாஸ்தா தலை எண்ணியபோது, இவள் பிள்ளைகள் நான்கு என்று சொல்லியிருக்கிறாள். அவன் நான்கு என்று எழுதி, எதிரே நிற்கும் மூன்றைப் பார்த்து, அடித்துத் திருத்தியிருக்கிறான். பிறகு நியூ ஆர்லியன்ஸில் ஸ்பானியக் குமாஸ்தாவிடமும் அதே நான்கு. இவன் கொஞ்சம் நல்லவன். ஓரத்தில் "மொதெஸ்த் என்று ஒரு மகள், வேறு கப்பலில் போனவள், தாய் சொல்கிறாள்" என்று குறித்து வைத்திருக்கிறான். அதைப் படித்துவிட்டு அன்றைக்கு நான் நூலகத்தை விட்டு வெளியே வந்து நின்றுகொண்டேன்.

நம் அம்மா வழியை இன்னும் மேலே ஏற்றி முடிக்கவில்லை. பதிவேட்டு அலமாரியில் கை விறைக்கிறது. கொஞ்சம் பொறு.

அன்புள்ள அண்ணன்,
எவாரிஸ்த்

*

(அனுப்பப்படாதது)

சேன்ட் மேரி விரிகுடா
20 பிப்ரவரி 1969

ஸெலி,

எல்லோரும் சுகமா என்று கேட்க எனக்கு இன்று வாய் வரவில்லை.

இன்று காலை நம் அம்மா வழியின் கடைசிப் பக்கத்தைப் புரட்டினேன். இந்த விரிகுடாவுக்கு முதலில் வந்த பாதிரியார், சாமியார் இல்லாத காலத்தில் நடந்த கல்யாணங்களை எல்லாம் ஒரு வாரம் உட்கார்ந்து மந்திரித்து எழுதியிருக்கிறார். அதில் ஒருத்தி, பாஸ்டனிலிருந்து அத்தையோடு காடு வழியாக நடந்து திரும்பி வந்தவள். "மொதெஸ்த், ஓசித் மெலான்சோனின் மகள். தாய் உயிரோடு இருக்கிறாளா என்று மகளுக்குத் தெரியாது." நம் அம்மாவின் அம்மாவிலிருந்து மேலே போனால் அந்த மொதெஸ்த்திடம் நிற்கிறது.

அப்பாவும் தெலெஸும் பாட்டிலைக் காலி செய்து தகப்பன்களை மட்டும் எண்ணினார்கள். நானும் பக்கத்தில் நின்று கைதட்டினேன். ஒருவனாவது ஒரு தாயின் பெயரைக் கேட்டிருந்தால்.

இன்னொன்றும் இருக்கிறது. உங்கள் பக்கத்துக் கோயிலிலிருந்து வரவழைத்த நகல் நேற்று வந்தது. ஓசித்துக்கு அங்கே பிறந்தவர்களில் ஒருவன் ஃபிர்மேன். அடக்கப் பதிவில் பாதிரியார் எழுதியிருக்கிறார்: "பிறவியிலேயே செவிடு, பின்பு பார்வையும் போயிற்று. பாயூ ஓடையில் விழுந்து இறந்தான்."

அவளிடமிருந்துதான் வருகிறது, ஸெலி. ஒரு கிளை வழியாக உனக்கும் ஒரு கிளை வழியாக மாப்பிள்ளைக்கும். ஊசியால் ஒன்றும் ஆகப்போவதில்லை. கொரினுக்கு முழுவதும் இருட்டிவிடும். இதை நான் எப்படி எழுதுவேன். எழுதிவிட்டேன், எப்படி அனுப்புவேன்.

*

சேன்ட் மேரி விரிகுடா
27 பிப்ரவரி 1969

அன்புத் தங்கை ஸெலிக்கு,

நீங்கள் மூவரும் சுகமாக இருக்க வேண்டும் என்று அண்ணி ஒன்பதுநாள் ஜெபம் சொல்லி முடித்தாள். எனக்குக் கொஞ்சம் சளி, வேறொன்றுமில்லை.

தேடி முடித்துவிட்டேன். ஓசித்தின் மூத்த மகள் மொதெஸ்த் கப்பலிலேயே அம்மை போட்டு இறந்துவிட்டாள். மற்றப் பிள்ளைகள் எல்லோரும் லூசியானாவில்தான். நம் அம்மா வழி வேறு இடத்துக்குப் போகிறது. இரண்டும் சேரவில்லை. டாக்டரிடம் சொல்லிவிடு.

வேறு விசேஷம் இல்லை. கொரினை நன்றாகப் பார்த்துக்கொள்.

அண்ணன்,
எவாரிஸ்த்

*

பாயூ மாலே
4 மே 1969

இயேசு மரி சூசை துணை

என் அன்புள்ள அண்ணனுக்கு,

நீ நூறு வருஷம் இருக்க வேண்டும். உன் கடிதம் வந்த அன்று கிளெபேர் வயலிலிருந்து சேற்றுக்காலோடு வந்து அதை வாங்கி, நின்றபடியே இரண்டு தரம் படித்தார். பிறகு அடுக்களைத் தரையில் உட்கார்ந்துவிட்டார். நான் தரையைக் கழுவிய நாள் அது, நானும் பக்கத்தில் உட்கார்ந்துவிட்டேன்.

டாக்டர் ஊசியைத் தொடங்கிவிட்டார். கண்ணுக்குப் பின்னால் போடுகிற ஊசி, வாரம் ஒன்று. இரண்டு நர்சுகள் அவள் தலையைப் பிடித்துக்கொள்வார்கள், நான் காலைப் பிடித்துக்கொள்வேன். அவள் அழும்போது சத்தம் எப்படி வருகிறது என்று அவளுக்குத் தெரியாதல்லவா, அது வராந்தா முழுக்கக் கேட்கிறது. முடிந்ததும் விரலை வளையமாக்கிக் காட்டி, "பெரிசாகுமா?" என்று கேட்பாள். ஆகும் என்று நானும் கையை விரித்துக் காட்டுகிறேன். இன்னும் மாற்றம் தெரியவில்லை. ஆறு மாதம் பார்க்க வேண்டுமாம்.

பாவம், அந்த மொதெஸ்த்துக்காக நான் ஒரு பூசை வைத்தேன். அவள் செத்ததால்தானே எங்களுக்கு நல்ல செய்தி வந்தது என்று நினைத்தபோது வெட்கமாக இருந்தது.

இனி சொல்லவேண்டியதைச் சொல்கிறேன். கிளெபேர் பரண்மேல் ஏறித் தொட்டிலை இறக்கிவிட்டார். எனக்கு இரண்டு மாதம். முப்பத்தேழு வயதில் என்று அண்ணி சிரிக்கட்டும். உன் கடிதம் வராமலிருந்தால் இந்தத் தைரியம் எங்களுக்கு வந்திருக்காது.

உங்கள் இருவர் சுகத்தையும் உடனே எழுது.

மகிழ்ச்சியோடு,
ஸெலி

*

பாயூ மாலே
20 ஜூலை 1969

இயேசு மரி சூசை துணை

அன்புள்ள அண்ணனுக்கு,

மே மாதம் நான் எழுதியதற்கு இன்னும் உன் பதிலைக் காணோம். தபாலாபீஸ்காரன் வீட்டிலேயே தபால் பஞ்சமா? உனக்கோ அண்ணிக்கோ உடம்புக்கு ஏதாவது என்றால் மறைக்காமல் எழுது. நீ எனக்கு எதையும் மறைத்ததில்லை, அந்த நம்பிக்கையில்தான் கேட்கிறேன்.

எனக்குக் கால் வீங்குகிறது, மற்றபடி சுகம். கொரினுக்குச் சொல்லும்படி ஒன்றுமில்லை. நேற்று கிளெபேர் அவளைத் தோளில் தூக்கி வெளியே கொண்டுபோய் வானத்தைக் காட்டினார். அவள் பார்த்துவிட்டு, நட்சத்திரம் எல்லாம் எங்கே போயின என்று சைகையில் கேட்டாள். மேகம் என்று சொல்லிவிட்டார்.

குழந்தைக்கு நீதான் ஞானத்தகப்பன். மறுக்கக் கூடாது. நீ வரமுடியாவிட்டால் தெலெஸ் சித்தப்பா உன் இடத்தில் நின்று பிடித்துக்கொள்வார். வழக்கப்படி உன் பெயர்தான் வைப்போம். பெண்ணாக இருந்தாலும் எவாரிஸ்தாதான் என்று கிளெபேர் பிடிவாதமாக இருக்கிறார்.

இரண்டு வரியாவது எழுது.

உன் தங்கை,
ஸெலி

*

சேன்ட் மேரி விரிகுடா
3 ஆகஸ்ட் 1969

ஸெலிக்கு,

நீ சுகமாக இருக்க வேண்டும். இதைப் படிக்கும்போது பக்கத்தில் கிளெபேர் இருக்கட்டும்.

பிப்ரவரியில் எழுதி அனுப்பாத கடிதத்தை இதனுடன் வைத்திருக்கிறேன். அதுதான் உண்மை. முதலில் அதைப் படி.

மொதெஸ்த் கப்பலில் சாகவில்லை. உயிரோடு திரும்பி வந்து, இந்த விரிகுடாவில் பிள்ளை பெற்று, நம் அம்மாவுக்கு மூதாதை ஆனவள். இரண்டு ராஜாக்களின் குமாஸ்தாக்களிடமும் அவளை விடாமல் எண்ணிச் சொன்னாள் அந்தத் தாய். அவளை ஒரே வரியில் கொன்றவன் நான். அந்தக் கடிதத்துக்கு நானே முத்திரை குத்தி, நானே பையில் போட்டேன். உனக்குக் கொஞ்சநாள் நிம்மதி இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். நீ தொட்டிலை இறக்குவாய் என்று நினைக்கவில்லை. ஊசியையும் நினைக்கவில்லை. அந்த மே மாதக் கடிதத்தைப் படித்தபிறகு தினமும் எழுத உட்கார்ந்தேன். லுதிவீன், "எழுதுங்க, இல்லன்னா நான் எழுதறேன்" என்று சொல்லிச் சொல்லி இப்போது என்னோடு பேசுவதையே நிறுத்திவிட்டாள்.

ஞானத்தகப்பன் என்று நீ எழுதியதைப் படித்தபிறகு இதற்குமேல் முடியவில்லை.

ஹாலிஃபாக்ஸில் ஒரு டாக்டரைப் போய்ப் பார்த்தேன். "நாலுல ஒண்ணுக்குத்தான் வரும். மூணு நல்லாவே பொறக்கும்" என்றார். நான்கில் மூன்று நம் பக்கம், ஸெலி. அதைப் பிடித்துக்கொண்டிருக்கிறேன். கொரினுக்கு ஊசியை நிறுத்தச் சொல்.

திட்டியாவது எழுது.

எவாரிஸ்த்

*

சேன்ட் மேரி விரிகுடா
16 நவம்பர் 1969

அன்புத் தங்கை ஸெலிக்கு,

சுகமா? இதோடு ஐந்தாவது கடிதம். தபால் பையைத் தினமும் நான்தான் அவிழ்க்கிறேன். உன் கையெழுத்து அதில் இல்லை. பையைத் தலைகீழாக உதறிப் பார்ப்பதை ஊர்க்காரர்கள் பார்த்துவிட்டார்கள். லாட்டரி எதுவும் விழ வேண்டியிருக்கிறதா என்று கேட்கிறார்கள்.

நாள் நெருங்கியிருக்கும். அண்ணி உனக்காகக் கோயிலில் மெழுகுதிரி வைத்தபடி இருக்கிறாள். பதிவேட்டு அலமாரியின் சாவியைச் சாமியாரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டேன்.

என் பெயர் வேண்டாம், ஸெலி. நம் அப்பா பெயரை வை. பிறந்தால் ஒரு வரி மட்டும்.

எவாரிஸ்த்

*

பாயூ மாலே
சாம்பல் புதன், 11 பிப்ரவரி 1970

அண்ணாவுக்கு,

நீயும் அண்ணியும் சுகமாக இருப்பீர்கள் என்று எண்ணுகிறேன். நாங்கள் நான்கு பேர்.

உன் கடிதங்கள் எல்லாம் வந்தன. முதலாவதைக் கிளெபேர் படித்தார், மற்றவற்றை அவர் தொடவில்லை, நான்தான் பிரித்துப் படித்தேன். உன் பெயரை இந்த வீட்டில் சொல்லக் கூடாது என்றார். பிறகு அவரே ஒரு நாள் நெல்மூட்டைமேல் உட்கார்ந்து, "நான் அந்த இடத்துல இருந்திருந்தா என்ன எழுதியிருப்பேனோ" என்றார்.

ஊசியை மறுநாளே நிறுத்தினோம். கொரின் இரண்டு வாரம் பொறுத்துப் பார்த்தாள். டாக்டரிடம் போகவில்லை, யாரும் தலையைப் பிடிக்கவில்லை. மூன்றாம் வாரம் ஓடிவந்து, தனக்குச் சரியாகிவிட்டதா, அதனால்தான் ஊசி இல்லையா என்று கேட்டாள். முகமெல்லாம் அப்படி ஒரு சந்தோஷம். நான் ஆமாம் என்று தலையாட்டினேன். தலையாட்டியபோதுதான் நீ பிப்ரவரியில் எப்படி அந்த வரியை எழுதியிருப்பாய் என்று எனக்குப் புரிந்தது. புரிந்ததை மட்டும்தான் எழுதுகிறேன். மன்னித்தேன் என்று எழுதவில்லை. என்னால் முடியவில்லை.

நவம்பர் 28-ம் தேதி ஆண்பிள்ளை பிறந்தான். நல்ல எடை, உன் மூக்கு. பெரியம்மாக்கள் சுற்றி நின்று, "சத்தத்துக்கு அழாத புள்ள, தங்கமான புள்ள" என்றார்கள். கொரினும் அப்படித்தான் இருந்தாள், அது எனக்கு நினைவு இருந்தது. பாத்திரத்தைத் தட்டிப் பார்க்க எனக்குக் கை வரவில்லை. நாட்களைத் தள்ளினேன். நான்கில் மூன்று நம் பக்கம் என்று நீ எழுதியதை நானும் பிடித்துக்கொண்டுதான் இருந்தேன்.

நேற்று தவக்காலத்துக்கு முந்திய திருவிழா. முகமூடிக்காரர்கள் குதிரையில் கம்போக் குழம்புக்குக் கோழி கேட்டு வாசலுக்கு வந்தார்கள். வழக்கம்போல் பிடில், தகரம், கூச்சல். ஒருவன் ஜன்னலுக்கு வெளியே நின்று துப்பாக்கியை வானத்தில் வெடித்தான். நாய் கட்டிலுக்கு அடியில் ஓடியது. மாடு கயிற்றை அறுத்தது. கொரின் தரை அதிர்ந்ததில் திரும்பிப் பார்த்து, கையால் தடவிக்கொண்டே தொட்டிலுக்கு வந்து, அவன் நெஞ்சில் உள்ளங்கையை வைத்தாள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். அவள் என் பக்கம் முகத்தைத் திருப்பி, தன் காதைத் தொட்டாள். பிறகு அவன் காதைத் தொட்டாள். எங்கள் வீட்டில் அதை முதலில் சொன்னவள் அவள்தான்.

அவளுக்கு ஒரு சினேகிதன் கிடைத்த மாதிரி இருந்தது அவள் முகம். அதை என்னால் பார்க்க முடியவில்லை.

நம் அப்பா பெயரை வைக்கச் சொல்லியிருந்தாய். கிளெபேரும் அதையேதான் சொன்னார். நான் சம்மதிக்கவில்லை. ஞானஸ்நானத்தில் சொன்ன பெயர் எவாரிஸ்த். கோயில் பதிவேட்டில் தாயின் பெயரையும், தாயின் தாய் பெயரையும் எழுதச் சொல்லி, அவற்றின் மேலே மொதெஸ்த், அவளுக்கும் மேலே ஓசித் என்று எழுதும்வரை நான் அங்கிருந்து நகரவில்லை. இப்படி வழக்கமில்லையே அம்மா என்றார் சாமியார். தெரியும் என்றேன்.

இன்று காலை சாம்பல் பூசிக்கொண்டு வந்து, தொட்டிலுக்குப் பின்னால் நின்று கூப்பிட்டேன். முதலில் மெதுவாக, பிறகு என் குரல் எவ்வளவு எழும்புமோ அவ்வளவு. எவாரிஸ்த், எவாரிஸ்த் என்று உன் பெயரைச் சொல்லித்தான் கூப்பிட்டேன், அண்ணா. அவன் திரும்பவில்லை.

ஸெலி